பந்தியும் அடுப்பும்

(மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களிலிருந்து குடும்பத்தோடு சமைத்துப் பரிமாற முன்வந்தவர்கள் அடையாற்றில் கூடிய கூட்டத்தில் நாம் பேசியது)



இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம் பெரிய தத்துவ விஷயமல்ல. சோற்று விஷயம். சோற்று விஷயந்தானே என்று யாரும் அலட்சியமாய் நினைத்துவிட வேண்டாம். இந்த நாட்டில் ஜாதியை இத்தனை காலமாய்க் கெடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் பாத்திரம் சோற்றுப் பானையைத் தவிர வேறொன்றுமில்லை. சட்டத்தின் பேரால் கோவிலுக்குள் எல்லோரையும் விட்டாய்விட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாய்விட்டது. பஸ்ஸிலும் ரயிலிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றோம். ஆனால் "யார் சமைத்தது?" என்ற கேள்வி மாத்திரம் இன்னும் நம் வாயைவிட்டுப் போகவில்லை. வாயைவிட்டுப் போனவர்களுக்கும் மனதைவிட்டுப் போகவில்லை.

நீங்கள் செய்ய உத்தேசித்திருக்கும் காரியம் மிகவும் நல்ல காரியம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தாய் தகப்பன், பிள்ளைகள், பாட்டன் பாட்டி எல்லோருமாய் இந்தக் கூடத்திற்கு வந்து, நீங்களே காய் நறுக்கி, நீங்களே உலை வைத்து, நீங்களே இலை போட்டு, இருநூறு பேருக்குப் பகல் உணவு அளிப்பதென்று முடிவு செய்திருக்கின்றீர்கள். யாருக்கு? இந்த அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் ஏற்பட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கின்றது. வெளியூர்களிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இங்கே தங்கிவிடுகிறார்கள். நோயாளியைக் கவனிக்க டாக்டரும் நர்சும் உண்டு. கூட வந்த தகப்பன் சாப்பிட்டானா, தங்கை சாப்பிட்டாளா என்று கேட்க யார் உண்டு? அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சோறு போடவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்காக உங்களைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் சென்ற ஏற்பாட்டுக் கூட்டத்தில் நமது நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "நம்மிலே பல ஜாதிக்காரர்கள் இருக்கிறோம். சாப்பிட வருகிறவர்களும் பல ஜாதிக்காரர்கள். யாருக்கும் மனக்குறை வராமலிருக்க வேண்டுமானால் ஒரு ஐயர் சமையற்காரரை அமர்த்திவிட்டு, குடும்பத்தோடு பரிமாறுவதை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாமே" என்றார். அநேகம் பேர் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் சொல்லத்தான் நாம் இன்று அக்கிராசனரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு நிற்கின்றோம்.

யாருக்கும் மனக்குறை வராத சமையல் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எல்லா ஜாதியாரும் சாப்பிடத்தக்க கை உலகத்தில் ஒரு ஜாதியாரின் கைதான். மற்ற கைகளெல்லாம் யாரோ ஒருவருக்கு ஆகாத கைகள் என்பதுதானே? சாஸ்திரத்தைக் கொளுத்த வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூட, சாப்பாட்டு ஏற்பாடு என்று வந்தவுடன் அந்தச் சாஸ்திரத்தையே அரிசி பருப்பு ஜாபிதாவின் தலைப்பில் எழுதிக்கொண்டால் அதை என்னவென்று சொல்லுவது? அந்தச் சமையற்காரர் மீது நமக்குத் துவேஷமில்லை. அவரும் வயிற்றுப் பிழைப்புக்காக அனல்முன் நின்று வேகிற தொழிலாளிதான். நன்றாகச் சமைப்பார் என்பதற்காக அவரை அமர்த்தினால் ஆட்சேபணை சொல்லமாட்டோம். ஐயர் என்பதற்காக அமர்த்துவதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

இந்த மனக்குறைச் சமாதானம் புதிதல்ல. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலும் இதே சமாதானந்தான் சொல்லப்பட்டது. பொதுஜனங்களின் பணத்தில், காங்கிரஸ் கொடுத்த பணத்தையும் சேர்த்து, தேசபக்தி வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட ஸ்தாபனம் அது. அதிலே பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனியிடத்தில் சாப்பாடு நடந்தது. கேட்டதற்கு, இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் மனம் வருந்தும் என்றார்கள். இரண்டு பேர் மனம் வருந்தக்கூடாது. மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருந்தலாம்! 1925-ல் தமிழ்நாட்டையே கலக்கிய அந்தச் சண்டையில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டதெல்லாம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாய் உட்கார வையுங்கள் என்பதைத்தான்.

அதற்கும் முந்தி, 1916-ல் டாக்டர் நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி வைத்தார். ஏன் வைத்தார்? வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சாப்பிடச் சோறும் கிடைக்காமலிருந்ததால் வைத்தார். பட்டம் வாங்க வந்தவன் சோற்றுக்கு வழியில்லாமல் ஊர் திரும்பினான். இன்று தியாகராய நகரில் நடேசன் பூங்காவில் காற்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, தெரியாது. ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கு ஒரு இடம், "இதராள்"களுக்கு ஒரு இடம் என்று இருந்தது 1941-ல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை அழிக்க 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் வாசலில் நாள் தவறாமல் மறியல் செய்து தோழர்கள் ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்தது. அப்படி அழித்த எழுத்தைத்தான் நமது நண்பர் தெரியாமல் நமது கூடத்து வாசலில் எழுதப் பார்க்கிறார்.

மயிலாப்பூர்த் தோழர்கள் ஒன்று சொல்லக்கூடும். "குடும்பத்தோடு சமைத்துப் பரிமாறுவது எங்களுக்குப் பழக்கந்தானே! பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வந்து பாருங்கள்" என்று சொல்லக்கூடும். வந்து பார்த்திருக்கின்றோம். கபாலீசுவரர் கோவில் மாடவீதிகளிலே வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பந்தல். பானகம், நீர்மோர், சுண்டல், புளியோதரை, தயிர்சாதம். ஆபீசில் பேனா பிடிக்கிறவர் அன்றைக்குக் கரண்டி பிடிக்கிறார். வாசற்படி தாண்டாத அம்மாள் வீதியில் நின்று முன்பின் தெரியாதவன் கையில் தொன்னையைக் கொடுக்கிறாள். உற்சவத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும், அது கிடக்கட்டும். அந்த ஒரு நாளில் ஜனங்களின் மனதில் எழும்புகிற தாராளத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்தத் தாராளம் யாருடைய வயிற்றுக்குப் போகிறது? நான்கு பந்தல் தாண்டுவதற்குள் நான்கு தொன்னை கையில் வந்துவிடுகிறது. வயிறு நிறைந்தவனையே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். பாதி தின்றதை வீதியில் எறிகிறான். இரவு பதினோரு மணிக்கு அந்தத் தொன்னைகளையெல்லாம் கூட்டி வாருகிற நகரசுத்தித் தொழிலாளிக்கு அண்டாவின் அடியில் ஒட்டியிருப்பது மிச்சம். அவனையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் சாயங்காலமே கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறிய பந்தல் ஒன்றை நாம் இதுவரை பார்க்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வணக்கம் சொல்லுகின்றோம்.

அந்த அறுபத்து மூன்று பேரின் கதையையாவது பந்தல் போடுகிறவர்கள் படித்திருக்கிறார்களா என்பது நமக்குச் சந்தேகம். அதில் இளையான்குடி மாறனார் என்று ஒருவர் வருகிறார். நடுராத்திரியில், கொட்டுகிற மழையில் ஒரு விருந்தாளி வந்துவிட்டான். வீட்டில் ஒரு பிடி அரிசியில்லை. புருஷன் இருட்டில் வயலுக்குப் போய், காலையில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறான். விறகில்லை என்று வீட்டுக் கூரையில் இருந்ததை அறுத்துக் கொடுக்கிறான். மனைவி அதை வறுத்துக் குத்திச் சமைக்கிறாள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து சோறாக்கின கதை இது. இன்னொருவர் அப்பூதி அடிகள், திங்களூர்ப் பார்ப்பனர். அவர் வேளாளரான அப்பரைத் தன் வீட்டில் உட்கார வைத்து விருந்து வைக்கிறார். (பெற்ற பிள்ளை பாம்பு கடித்துச் செத்துக் கிடக்க, பிணத்தை மறைத்துவிட்டு விருந்து வைப்பது பைத்தியக்காரத்தனம் என்பது வேறு விஷயம்.) புராணத்தை நாம் நம்பவில்லை. அதை நம்புகிறவர்களைத்தான் கேட்கின்றோம்: உங்கள் கதையிலேயே பார்ப்பனர் வேளாளருக்குச் சோறு போட்டிருக்க, நீங்கள் ஏன் இன்னும் அடுப்புக்கு ஜாதி பார்க்கிறீர்கள்? மாறனார் வீட்டுக்கு வந்த விருந்தாளி கடைசியில் கடவுளாகிவிட்டபடியால் கதை நன்றாய் முடிந்தது. வந்தவன் வெறும் பசிக்காரனாகவே இருந்திருந்தால் விதைநெல் வெளியே வந்திருக்குமா?

சுதந்திர தினத்தன்றும் அண்ணாதுரை அவர்களின் நினைவு நாளன்றும் சர்க்கார் ஏற்பாட்டில் கோவில்களில் பொது விருந்து நடக்கின்றது. கபாலீசுவரர் கோவிலிலும் நடக்கின்றது. மந்திரிகளும் அதிகாரிகளும் ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகின்றார்கள். நல்ல வழக்கம். முந்திய தலைமுறையில் இதை நினைக்கவும் முடியாது. ஆனால் பந்தியில் எல்லோரும் உட்காரலாம் என்ற உரிமை வந்ததுபோல மடைப்பள்ளிக்குள் எல்லோரும் கரண்டி பிடிக்கலாம் என்ற உரிமை வந்துவிட்டதா என்று யாராவது கேட்டுப் பாருங்கள்.

தோழர்களே! பந்தியையும் அடுப்பையும் சேர்த்து வைத்த ஒரு இடத்தை நாம் நேரில் பார்த்தோம். அது தொலைவில் இல்லை. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் சீக்கியர்களின் குருத்துவாரா இருக்கின்றது. கடவுள் இல்லை என்கிறவர் அங்கே ஏன் போனார் என்று கேட்பீர்கள். நமது மகனோடு படிக்கும் சீக்கியப் பிள்ளை ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான், குடும்பத்தோடு போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டிக்கொண்டோம். பிறர் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு வழக்கத்துக்கு நடப்பது மரியாதை.

நமது தாயாருக்கு வயது எழுபத்தைந்து. நம்மோடு நாற்பது வருஷமாய் மாநாடுகளுக்கு வந்தவர்தான். ஆனால் உள்ளே நுழைந்து சாப்பாட்டு வாசனை வந்தவுடன் நமது காதோடு கேட்ட முதல் கேள்வி, "யாருடா சமைச்சது?" என்பது. நமக்கு அவமானமாய்ப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பஞ்சாபி அம்மாளுக்குத் தமிழ் நன்றாய்த் தெரியும் போலிருக்கிறது. "எல்லாரும்தாம்மா. நீங்களும் வாங்க" என்று சொல்லித் தாயாரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், சப்பாத்திப் பலகையின் முன்னால் உட்கார வைத்துக் குழவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

பெரிய கூடம். ஒரு பக்கம் மாவு பிசைகிறவர்கள் ஆண்கள். கடப்பாரையைப் போன்ற கரண்டியால் பருப்பைத் துழாவுகிறவர்களும் ஆண்கள். வட்டமாய் உட்கார்ந்து சப்பாத்தி இடுகிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். தாயாருக்கு ஒரு பக்கத்தில் காரில் வந்து இறங்கிய வியாபாரி வீட்டு அம்மாள். மறுபக்கத்தில் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. யாரும் யார் பேரையும் ஊரையும் கேட்கவில்லை. நமக்கு வெங்காயம் நறுக்குகிற வேலை. பத்தாவது வெங்காயத்தில் விரலை அறுத்துக்கொண்டோம். நமது மகன், பன்னிரண்டு வயதுப் பையன், நம்மைவிட வேகமாய் நறுக்கினான். ஜாதி ஒழிப்பைப் பற்றியும் பெண்ணடிமையைப் பற்றியும் இத்தனை வருஷம் மேடையில் பேசினவருக்கு வெங்காயம் நறுக்கத் தெரியவில்லை என்பதை அன்றைக்கு நமது துணைவியாரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது.

பிறகு எல்லோரும் தரையில் வரிசையாய் உட்கார்ந்தோம். எவர்சில்வர் தட்டு. சப்பாத்தியை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பருப்பு, காய், பால்பாயசம் போன்ற ஒன்று. சாப்பிட்ட தட்டைக் கழுவுகிற தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது. நம் நாட்டில் சாப்பிட உட்காரக்கூட ஆள் கிடைக்கும். பிறர் எச்சில் இலையை எடுக்க ஆள் கிடைக்காது. எச்சிலை எடுப்பது பெண்ணின் வேலை, அல்லது கூலிக்கு வருகிற தாழ்ந்த ஜாதியாரின் வேலை. அங்கே அந்த வேலைக்குத்தான் போட்டி.

ஆட்டோவில் திரும்பி வரும்போது தாயார் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நான் இட்ட சப்பாத்தி எதுன்னு கடைசிவரைக்கும் தெரியலையேடா" என்றார். அன்று முதல் இன்றுவரை அவர் வாயிலிருந்து அந்தப் பழைய கேள்வியை நாம் கேட்கவில்லை.

சீக்கியர்களுக்கு இந்த வழக்கம் குருநானக் காலத்திலிருந்து, அதாவது ஐந்நூறு வருஷமாக, உண்டு. மூன்றாவது குருவான அமர்தாஸ், தம்மைப் பார்க்க வருகிறவர் யாராயிருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று வைத்தாராம். அக்பர் பாதுஷாவே அப்படி உட்கார்ந்தார் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அமிர்தசரசில் நாள்தோறும் அரை லட்சம் பேருக்குக் குறையாமல் இப்படிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பஞ்சாப் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட சீக்கியர்களுக்குத் தனிக் குருத்துவாரா, தனிச் சுடுகாடு இருக்கும் ஊர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாய்ச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை நிலத்திலும் கல்யாணத்திலும் பிரித்து வைத்தால் பந்தி என்ன செய்யும், பாவம். பந்தியால் மாத்திரம் ஜாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பந்திகூட இல்லாமல் எப்படி ஒழியும் என்றுதான் கேட்கின்றோம்.

இந்தச் சீக்கியர் அடுப்பு தெற்கே வந்தது புதிதல்ல. 1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து தொண்டர்களுக்கு இலவசச் சமையற்கூடம் வைத்தார்கள். ஈழவர், புலையர், நாயர் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. காந்தியார் அதற்குச் சம்மதிக்கவில்லை. போராட்டம் நடத்துகிறவர்கள் தங்கள் சோற்றைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும், இந்துக்களின் குறையை இந்துக்களே தீர்க்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். சமையற்கூடம் மூடப்பட்டது. தெருவில் நடக்க வழி கேட்டவர்களுக்கு வந்த அடுப்பைத் தெருவைக் காட்டி அனுப்பிவிட்டார்கள் என்று நமக்கு அப்போதும் இப்போதும் வருத்தந்தான். ஆனால் காந்தியார் சொன்னதில் ஒரு பாதியை நாம் இன்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நாம் ஏன் சீக்கியர் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்க வேண்டும்? குருவின் பேரும் கோவிலின் பேரும் இல்லாமல், புண்ணியம் என்ற கூலியும் இல்லாமல், பசித்தவனுக்குப் போடுகிறோம் என்ற ஒரே காரணத்தோடு நம்மால் ஒரு அடுப்பு மூட்ட முடியாதா?

முடியும் என்பதற்கு இந்த அடையாறே சாட்சி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததே, கோட்டூர்புரத்தில் மாடி வரைக்கும் ஏறியதே, சைதாப்பேட்டையில் குடிசைகள் போனதே, அன்றைக்கு எத்தனை வீடுகளில் அண்டா வைத்துச் சமைத்தீர்கள்! மசூதியிலும் மாதா கோவிலிலும் சமைத்தார்கள். அந்தக் குருத்துவாராவிலும் சமைத்தார்கள். படகில் வந்த பொட்டலத்தை மொட்டை மாடியில் பிரித்தவர் யாராவது, யார் சமைத்தது என்று கேட்டாரா? தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு உயிர் வந்தது.

இப்போது நமது நண்பரின் யோசனைக்கு வருவோம். நம் நாட்டில் பல ஜாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே அடுப்பில் சமைத்துப் போடும் பெரிய ஸ்தாபனம் எது? பள்ளிக்கூடச் சத்துணவு. அதற்கு வித்திட்டது இந்தச் சென்னைதான். 1920-ல் சர். பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் பகல் உணவு போடத் தீர்மானம் செய்யப்பட்டது. தியாகராய நகர் என்று நீங்கள் கூப்பிடும் ஊர் அவர் பேரால் ஏற்பட்டதுதான். பிறகு காமராசர் 1956-ல் அதை நாடெங்கும் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது.

அந்த அடுப்பின்மேலும் ஜாதி பாய்ந்தது. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில், தாழ்த்தப்பட்ட பெண் சமைக்கக்கூடாதென்று ஊரார் கூட்டம் கூடினார்கள். அந்த அம்மையாரை வேறிடத்துக்கு மாற்றி உத்தரவே போட்டுவிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதன் பேரில் அந்த உத்தரவு ரத்தாயிற்று. 2023-ல் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியிலும் காலை உணவை இதே காரணத்தால் பிள்ளைகள் தொடவில்லை. மந்திரியும் பாராளுமன்ற அங்கத்தினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. இங்கெல்லாம் கூச்சல் போட்டவர்கள் பார்ப்பனர்களல்ல. பார்ப்பனரல்லாதார்தான். நம்மவர்கள்தான். ஆகையால் ஐயர் சமையலைக் கண்டிக்கிற உரிமை நமக்கு வேண்டுமானால், ஆதிதிராவிடர் சமையலைச் சாப்பிடுகிற யோக்கியதை முதலில் நமக்கு வரவேண்டும்.

சென்ற கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். உங்களில் ஒரு குடும்பத்தவர்தான். புருஷனோடும் இரண்டு பெண்களோடும் பேர் கொடுத்திருக்கிறார். இருபது வருஷமாய்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். முந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கை உப்பு என்று அளவு பார்க்காமல் சொல்லக்கூடியவர் இந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான். ஆதிதிராவிடர். ஐயர் சமையற்காரர் என்ற பேச்சு வந்து நீங்கள் தலையாட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். கூட்டம் முடிந்து அவரிடம் போய், தாங்கள் தலைமைச் சமையலை ஏற்க வேண்டும் என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "வாரத்துல அஞ்சு நாள் நான்தான் அடுப்புல நிக்கிறேன். ஞாயித்துக்கிழமையும் என்னையே நிக்க வெச்சா அது என்ன சமத்துவம்? அளவு சொல்றேன், பதம் பாத்துச் சொல்றேன். கிளறுறது நீங்க. முதல் பந்தியில நான் உட்காருவேன்" என்றார். நாம் பேச நினைத்து வந்த பாதிப் பிரசங்கத்தை அந்த அம்மையார் அப்போதே பேசிவிட்டார்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். அந்த அம்மையார் சொல்லச் சொல்ல நாம் எல்லோரும் சமைப்பது. இதில் சம்மதமில்லாதவர்கள் இன்றே எழுந்து சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். வந்து உட்கார்ந்துகொண்டு, "இன்றைக்கு விரதம்" என்று சொல்லித் தண்ணீர் மாத்திரம் குடிக்கிறவர்களைவிட எழுந்து போகிறவர் யோக்கியர்.

மற்றதெல்லாம் ஏற்பாடு. இருநூறு பேருக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ வீதம் இருபத்தைந்து கிலோ அரிசி வேண்டும். துவரம்பருப்பு ஆறு கிலோ. சாதம் பதினொன்றரைக்கு வடிந்து, ஒரு மணிக்குள் பரிமாறி முடியவேண்டும். காலையில் வடித்ததைச் சாயங்காலம் வரை வைத்துப் போடுவது தர்மமல்ல, வியாதி. பாத்திரம் கழுவுவது முழுக்க ஆண்கள் பொறுப்பு. வீட்டில் நாள்தோறும் கழுவுகிறவர்கள் அன்றைக்கு உட்காரட்டும். ஒவ்வொரு பந்தியிலும் வந்தவர்களுக்கு நடுவே நம் குடும்பங்களில் பாதிப்பேர் கலந்து உட்காரவேண்டும்; நாம் போடுகிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றலாகாது. வந்தவர்களில் கரண்டி பிடிக்க விரும்புகிறவர் இருந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். நோயாளியின் பக்கத்தில் நாளெல்லாம் சும்மா உட்கார்ந்து நொந்தவனுக்குப் பத்துப் பேருக்குப் பரிமாறுவது பெரிய ஆறுதல்.

கைப்பேசியில் படம் எடுப்பது கூடாது. தம்பிமார்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் ஒன்பது பேர் நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். மனைவிக்கு வியாதி என்று ஊரில் நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்தவன், தான் இலை முன் குனிந்திருக்கும் படத்தைத் தன் ஊர்க்காரன் பார்க்கவேண்டும் என்று விரும்புவானா?

மாமிச உணவு உண்டா என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நமக்குக் கருவாட்டுக் குழம்பில் உள்ள பிரியம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. முதல் சில மாதம் சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர் என்று வைத்துக்கொள்வோம். அது உயர்ந்த உணவு என்பதற்காக அல்ல. கையிலிருக்கும் பணத்துக்கும், புதிதாய்ப் பழகும் கைகளுக்கும் அதுதான் தாங்கும். கை பழகியபின் முட்டை சேர்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை போடுகிற நாட்டில் அதற்கு யாரும் முகம் சுளிக்க இடமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் அடுப்பு. சாம்பாருக்கும் பொரியலுக்குமாய் எட்டுக் கிலோ வெங்காயம் நறுக்க வேண்டுமாம். அந்த வேலையை நாமே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றோம். நமது மகன் துணைக்கு வருகிறான். சப்பாத்தி உண்டா என்று தாயார் கேட்கிறார், இல்லையென்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வீட்டில் நல்ல அரிவாள்மனை வைத்திருப்பவர்கள் காலை ஆறரை மணிக்குள் இங்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம். நம்மிடம் இருப்பது மொட்டை.